ஸ்மாக் செக்குக்கு முன் ஆக்சிஜன் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் (புகைப் பரிசோதனை) செய்யச் சொல்லி, வாகனப் பதிவைக் கவனிக்கும் டிஎம்வி-யிடமிருந்து நோட்டீஸ் வரும். அந்த நேரம் பார்த்து செக் என்ஜின் விளக்கு எரியும். ஸ்கேனரைச் செருகினால், எக்ஸாஸ்ட் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் சம்பந்தமாக ஏதோ ஒரு கோட் (பழுதைக் குறிக்கும் எண்) காட்டும். சென்சார் ஒன்றை வாங்கி மாட்டி, கோடை அழித்துவிட்டு, நேராக டெஸ்ட்டுக்குப் போகிறார்கள். நிறையப் பேர் ஃபெயில் ஆவது இந்த அவசரத்தில்தான்.

முதலில் அந்தக் கோடை அழிக்கும் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 2000 மாடலும் அதற்குப் பிந்தையதுமான பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்று சைலன்சரில் குழாய் விட்டுப் புகையை அளப்பதில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் கேபிளைச் செருகி, காரின் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்கள். கோடை அழிக்கும்போது, கம்ப்யூட்டர் தானே செய்து வைத்திருந்த சோதனைகளின் முடிவுகளும் சேர்ந்து அழிந்துபோகும். இவற்றுக்கு ரெடினஸ் மானிட்டர் என்று பெயர். இந்த 2000 முதலான பெட்ரோல் கார்களில், டேங்கிலிருந்து பெட்ரோல் ஆவி கசிகிறதா என்று பார்க்கும் எவாப் மானிட்டர் ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் மானிட்டரோ, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சோதிக்கும் கேட்டலிஸ்ட் மானிட்டரோ முடியவில்லை என்றால், விளக்கு எரியாவிட்டாலும் ஃபெயில்தான். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதி. 2010 வாக்கில் வந்த மாடல்களிலிருந்து பெர்மனென்ட் கோட் என்று ஒன்று உண்டு. அது ஸ்கேனருக்கும் பேட்டரிக்கும் மசியாது. 2019 ஜூலையிலிருந்து டெஸ்ட்டில் அதையும் பார்க்கிறார்கள்.

அதனால் ரிப்பேருக்கும் டெஸ்ட்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு வாரமாவது விடுங்கள். ராத்திரி முழுக்க ஆறிய என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஊருக்குள் கொஞ்சம், ஃப்ரீவேயில் ஒரே சீரான வேகத்தில் கொஞ்சம், அப்புறம் ஆக்ஸிலரேட்டரை விட்டு மெல்ல வேகம் குறைய விட்டு என்று கலந்து ஓட்டினால் மானிட்டர்கள் ஒவ்வொன்றாக முடியும். பெட்ரோல் டேங்க் கால் பங்குக்குக் கீழேயும் வேண்டாம், நிரம்பி வழியவும் வேண்டாம். மலிவான ஸ்கேனரிலேயே மானிட்டர் நிலவரம் தெரியும். அதைப் பார்த்துவிட்டே டெஸ்ட்டுக்குக் கிளம்புங்கள்.

அடுத்தது, கோடில் என்ன எழுதியிருக்கிறதோ அந்தப் பாகத்தை அப்படியே மாற்றுவது. பி0171 வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அர்த்தம். சென்சார் இங்கே சேதி சொன்ன ஆள்தான். இன்டேக் பக்கம் எங்கோ ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்திருக்கும். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது. ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டி, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் சாதாரண அளவுக்கு இறங்கினால் வேக்யூம் லீக் (இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு) என்று சந்தேகப்படலாம். வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் தேடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். கம்ப்யூட்டரும் அதை நம்பிப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். அந்த அதிகப் பெட்ரோல் கடைசியில் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கும். சில நூறு டாலரில் முடிய வேண்டிய வேலை ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான்.

பி0135, பி0141 இரண்டும் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றியவை. சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் அந்த ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். இங்கே முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிறகு கனெக்டரைக் கழற்றி ஹீட்டர் பின்களில் மல்டிமீட்டர் வையுங்கள். இணைப்பே இல்லை என்று காட்டினால் சென்சார் போய்விட்டது, தயங்காமல் மாற்றலாம். கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தால், கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் சென்சாரை மாற்றிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது வீண் செலவு. அந்தச் சென்சார் கன்வர்ட்டரின் நிலையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

வாங்கும்போது பேங்க் 1, பேங்க் 2 குழப்பம் வி6 கார்களில் சகஜம். அவற்றில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமாக இருக்கும், முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம்தான் பேங்க் 1. சென்சார் 1 கன்வர்ட்டருக்கு முன்னால், சென்சார் 2 பின்னால். டொயோட்டா, ஹோண்டா மாடல்கள் பலவற்றில் முன்னால் இருப்பது ஏர்-ஃப்யூயல் ரேஷியோ சென்சார். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும், 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கும் சாதாரணச் சென்சாரை அந்த இடத்தில் மாட்டினால் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் புரியாது. பார்ட் நம்பரை ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். வயரை வெட்டி ஒட்டும் யூனிவர்சல் சென்சாரைத் தவிர்ப்பது நல்லது. பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றை வயர் வழியாகத்தான் இழுக்கின்றன. ஜாயின்ட்டில் ஈயம் வைத்தால் அந்த வழி அடைபடலாம்.

மாட்டுவதில் சிக்கல் குறைவு. என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள், மரை பிழைக்கும். மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் ஆன்ட்டி-சீஸ் பசை மரையில் மட்டும் இருக்க வேண்டும், நுனியில் படக்கூடாது. புதியவற்றில் பெரும்பாலும் கம்பெனியே தடவி அனுப்பும். சாதாரண சிலிகான் சீலன்ட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

பின் சென்சாருக்கு ஸ்பேசர் (சென்சாரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் துண்டு) வைத்து விளக்கை அணைக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம். டெஸ்ட்டில் கண்ணால் பார்க்கும் பரிசோதனையும் உண்டு, அதிலேயே ஃபெயில் செய்துவிடுவார்கள். புகையும் குறையாது, அதை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்க வேண்டும்.

ரிப்பேர் முடிய நாளாகும் போலிருந்தால், ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணத்தை மட்டும் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். ஸ்மாக் சான்றிதழ் பின்னால் வந்தாலும் தாமத அபராதம் இருக்காது. வருமானம் குறைவானவர்களுக்கு பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அரசு அமைப்பு நடத்தும் ரிப்பேர் உதவித் திட்டம் இருக்கிறது. ஃபெயில் ஆன பிறகு விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பின்புதான் காரை ஷெட்டில் விட வேண்டும். முன்கூட்டியே செய்துவிட்ட வேலைக்குப் பணம் தரமாட்டார்கள்.