கடினமான லேனில் பவுலிங்: ரிலீஸைச் சரிசெய்வது எப்படி?

உள்ளூர் பவுலிங் மையத்தில் ஆட்டத்துக்கு 180, 190 புள்ளி என்று சராசரி வைத்திருப்பவர், முதல் பெரிய போட்டியில் 150-ஐத் தொடவே திணறுவார். அதே பந்து, அதே கை. மாறியிருப்பது லேன் மேல் பூசிய எண்ணெய். அந்த எண்ணெய் மேல் பந்து எங்கே வழுக்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை ரிலீஸால், அதாவது பந்தைக் கையிலிருந்து விடும் விதத்தால், தீர்மானிக்கப் பழகுவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. லேன் என்னும் நீண்ட பாதையில் பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்துப் பின்களை விழுத்தும் பத்துப் பின் பவுலிங்கைச் சொல்கிறேன். கிரிக்கெட் பந்துவீச்சைத் தேடி வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். கணக்குகள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளலாம்.

லேன் செய்துவந்த உபகாரம்

வீசுபவர் தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. குறுக்கே 39 பலகைகள். வலது ஓரத்திலிருந்து எண்ணுவது நம் வழக்கம். பொழுதுபோக்குக்கு வருபவர்களுக்காகப் பூசும் எண்ணெய் நடுவில் கனமாகவும் ஓரங்களில் மிக மெல்லியதாகவும் இருக்கும். பந்து வலப்பக்கம் தவறினால் காய்ந்த பலகை அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். இடப்பக்கம் தவறினால் நடுவிலுள்ள எண்ணெய் அதைத் திரும்பவிடாமல் வழுக்கிக்கொண்டு போகும். எப்படித் தவறினாலும் பந்து 1-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் இடையிலுள்ள பாக்கெட்டுக்கே வந்து சேரும். உங்கள் சராசரியில் ஒரு பங்கு லேனுக்குச் சொந்தம்.

போட்டிகளுக்கான ஸ்போர்ட் வகைப் பேட்டர்ன்களில் (பேட்டர்ன் என்பது லேனில் எண்ணெய் பூசும் அமைப்பு) இந்த உபகாரம் கிடையாது. நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள எண்ணெய் விகிதம் 3-க்கு 1 என்ற அளவில், அல்லது அதற்கும் குறைவாக இருக்கும். வலப்பக்கம் இரண்டு பலகை தவறிய பந்து திரும்பாமலே போய்விடும்.

போட்டிக்கு முன் பேட்டர்ன் தாள் கொடுத்தால், முதலில் நீளத்தை, அதாவது எண்ணெய் எத்தனை அடி வரை போகிறது என்பதைப் பாருங்கள். நீளத்திலிருந்து 31-ஐக் கழித்தால், எண்ணெய் முடியும் இடத்தில் பந்து எந்தப் பலகையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது தோராயமாகக் கிடைக்கும். 41 அடி என்றால் 10-ஆவது பலகை. 36 அடி என்றால் 5-ஆவது, அதாவது கிட்டத்தட்ட ஓரம். இது தொடங்குவதற்கான கணக்கு மட்டுமே, வேதவாக்கு அல்ல.

படி 1: கட்டைவிரல் துளை

ரிலீஸ் சரியில்லை என்று வருபவர்களில் பலருக்குக் கோளாறு கையில் இல்லை, துளையில்தான். துளை தளர்வாக இருந்தால் பந்து நழுவிவிடும் என்ற பயத்தில் விரல் மடங்கி அதைப் பிழியும். பிழியும் விரல் நேரத்தில் வெளியே வராது. பந்தைப் பிடித்துக் கையைத் தொங்கவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள். இறுக்காமலே பந்து கையில் நின்றால் அளவு சரி. இல்லையென்றால் துளைக்குள் ஒட்டும் டேப்பை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். விரல் காலையில் ஓர் அளவு, மூன்று ஆட்டம் கழித்து வேறோர் அளவு. ஆகவே டேப் எப்போதும் பையில் இருக்கட்டும். மையத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஹௌஸ் பந்தை வைத்துக்கொண்டு இனி வரும் படிகளை முயல்வது வீண். உங்கள் கைக்கு அளவெடுத்துத் துளையிட்ட பந்து வேண்டும்.

படி 2: கட்டைவிரல் முதலில், மற்ற இரண்டும் பிறகு

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஊஞ்சலாகக் கீழே வரும் கை கணுக்காலைக் கடக்கும் நொடியில் கட்டைவிரல் வெளியேற வேண்டும். அதன்பின் ஒரு கணம் பந்தின் முழு எடையும் நடுவிரலிலும் மோதிரவிரலிலும் நிற்கும். சுழற்சி பிறப்பது அந்தக் கணத்தில்தான். கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒன்றாக வெளியேறினால் பந்து வெறுமனே உருளும். கட்டைவிரல் தாமதித்தால் பந்து காற்றில் தூக்கி எறியப்பட்டு லேனில் ‘தொம்’ என்று விழும். துளையிலிருந்து விரல் பிடுங்கிக்கொண்டு வரும் ‘டப்’ சத்தமும் அதே நோயின் அறிகுறி. நல்ல ரிலீஸில் பந்து லேனைத் தொடுவது ஏறக்குறையக் கேட்காது.

பயிற்சி இப்படி. நடை வேண்டாம். ஃபவுல் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் வலது முழங்காலை மடித்த துண்டின் மேல் ஊன்றுங்கள். இடது பாதம் முன்னால் இருக்கட்டும். கையை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டி, தாழ்வான இடத்தில் பந்தை விடுங்கள். வேகமும் வேண்டாம், பின்களைப் பார்க்கவும் வேண்டாம். மணிக்கட்டு பின்னால் ஒடிந்துவிடாமல் நேராகவோ சற்று உள்ளே குவிந்தோ இருக்கிறதா, கட்டைவிரல் எதிலும் சிக்காமல் வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பிறகு நின்றபடி, பிறகு ஒரே அடி வைத்து, அதன்பின் முழு நடையோடு. முழு நடைக்குப் போனதும் பழைய பழக்கம் திரும்பும். அப்போது வெட்கப்படாமல் மறுபடி முழங்காலுக்கு இறங்குங்கள்.

படி 3: அளந்து பாருங்கள்

‘நன்றாகச் சுழல்கிறது’ என்பது அளவாகாது. பந்தின் மேல் சிறு வெள்ளை டேப் ஒட்டி, கைபேசியில் நொடிக்கு 240 பிரேம் வேகத்தில் படம் எடுங்கள். டேப் ஒரு முழுச் சுற்று வர 48 பிரேம் ஆனால் நிமிடத்துக்கு 300 சுற்று. வேகத்துக்கு, ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை ஆகும் நேரம் போதும்: 2.5 நொடி என்றால் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். டேப் பயிற்சிக்கு மட்டும். போட்டிக்கு முன் உரித்துவிடுங்கள்.

இன்னொரு சாட்சி பந்திலேயே இருக்கிறது. திரும்பி வந்த பந்தை உடனே துடைத்துவிடாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் தெரியும். அவை கட்டைவிரல் துளைக்கு அருகே இருந்தால் பந்தின் சுழல் அச்சு அதிகம் சாயவில்லை. சீக்கிரமே உருளத் தொடங்கும் பந்து அது. துளையைவிட்டு வெகுதூரம் விலகியிருந்தால் பந்து பம்பரத் தன்மையோடு நெடுந்தூரம் வழுக்கும். வளையம் துளை மேலேயே ஏறியிருந்தால் பந்து ஓடும்போது ‘டக் டக்’ என்று கேட்கும்.

படி 4: ஒரே கை, மூன்று ரிலீஸ்

கையிலிருந்து விடுபட்ட பந்துக்கு மூன்று கட்டம்: வழுக்கல், திருப்பம், உருளல். திருப்பம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை விரல்கள் இருக்கும் இடம் பெருமளவு தீர்மானிக்கிறது. உங்களுக்குப் பின்னால் நிற்பவர் பந்தின் பின்புறத்தில் ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளட்டும்.

விரல்கள் 6 மணியில், உள்ளங்கை நேராகப் பந்துக்குப் பின்னால்: பந்து முன்னோக்கி உருளும், சீக்கிரம் லேனைப் பிடிக்கும், மெதுவாக வளையும்.

5 மணி: உங்கள் இயல்பான ரிலீஸ் அநேகமாக இங்கேதான் இருக்கும்.

4 மணி: பக்கச் சுழற்சி அதிகம். பந்து தொலைவு வழுக்கி, கடைசியில் கூர்மையாகத் திரும்பும்.

மூன்றையும் ஒரே இலக்கை நோக்கி, ஒரே வேகத்தில் மாற்றி மாற்றி வீசிப் பழகுங்கள். பந்தை விடும் நொடியில் கையைத் திருகாதீர்கள். எந்த மணியில் விட வேண்டுமோ அந்த நிலையை முன்னதாகவே எடுத்துக்கொண்டு ஊஞ்சலைத் தொடங்குங்கள்.

4 மணிதான் பார்க்க அழகு. புதியவர்கள் அதற்குத்தான் ஆசைப்படுவார்கள். ஆனால் ஸ்போர்ட் பேட்டர்னில் அதிகம் திரும்பும் பந்துதான் அதிகம் காலை வாரும். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி இரண்டு கையாலும் பந்தை வளைப்பதைப் பார்த்து மயங்குபவர்கள், வால்டர் ரே வில்லியம்ஸ் ஜூனியரையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரிய வளைவு எதுவும் இல்லாமல் ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே வீசி, தொழில்முறைப் பவுலர்களின் பிபிஏ சுற்றில் 47 பட்டங்கள் வென்றவர் அவர். நீளம் குறைந்த பேட்டர்னிலும், நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் வித்தியாசம் குறைந்த தட்டையான பேட்டர்னிலும் முதலில் 6 மணியை நம்புங்கள்.

படி 5: பந்தின் மேற்பரப்பு

500, 1000 எண் போன்ற சொரசொரப்பான தேய்ப்புத் தாளால் தேய்த்த பந்து எண்ணெயிலேயே பிடிமானம் தேடும். 4000-மோ பாலிஷோ செய்தது நெடுந்தூரம் வழுக்கும். தேய்ப்பதானால் போட்டி தொடங்கும் முன்பே; நடுவில் மேற்பரப்பை மாற்ற விதி இடம் தராது. புதிய பந்து வாங்குவதைக் கடைசியில் யோசிக்கலாம். கடைக்காரர் வேறு மாதிரி சொல்வார்.

படி 6: பின் சொல்வதைக் கேளுங்கள்

பாக்கெட்டில் அடித்தும் 10-ஆம் பின் நிற்கிறதா? 6-ஆம் பின் என்ன ஆனது என்று பாருங்கள். அது 10-இன் கழுத்தைச் சுற்றிப் பறந்து போயிருந்தால் தவறு மயிரிழைதான். கால் வைக்கும் இடத்தைச் சிறிது மாற்றினால் போதும். 6-ஆம் பின் சோர்ந்துபோய்ப் லேன் ஓரத்துப் பள்ளத்தில் கிடந்தால், பந்து மோதும்போது வலுவில்லாமல் விலகியிருக்கிறது. பெரும்பாலும் சீக்கிரமே உருண்டு சக்தியை இழந்திருக்கும். கையை 5 மணிப் பக்கம் கொண்டுபோங்கள், அல்லது பளபளப்பான பந்தை எடுங்கள்.

ஸ்பேரை, அதாவது முதல் பந்தில் மிஞ்சிய பின்களை இரண்டாவது பந்தில் விழுத்துவதை, மறக்கக் கூடாது. ஆட்டத்தின் பத்து ஃப்ரேமிலும் (சுற்றிலும்) முதல் பந்தில் 9 அடித்து, மிச்சமிருக்கும் ஒன்றை விழுத்தி, கடைசிப் பந்திலும் 9 எடுத்தால் மொத்தம் 190. முதல் பந்திலேயே பத்தும் விழும் ஸ்ட்ரைக் ஒன்றுகூட வேண்டாம். கடினமான லேனில் அந்த 190 பல நாள் முன்வரிசையில் உட்காரவைக்கும். திரும்பாத பிளாஸ்டிக் பந்து ஒன்றை ஸ்பேருக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நாள்

பயிற்சி நிமிடங்களில் ஸ்ட்ரைக் தேடாதீர்கள். 31 கணக்கில் கிடைத்த பலகையை நோக்கி 6 மணியில் ஒன்று, 5 மணியில் ஒன்று, வேண்டுமென்றே இரண்டு பலகை வலப்பக்கமாக ஒன்று, இடப்பக்கமாக ஒன்று. எந்தப் பக்கத் தவறு குறைவாகத் தண்டிக்கப்படுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தை ஒட்டி ஆடுங்கள்.

ஆட்டம் போகப் போக எல்லாருடைய பந்தும் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலையில் பாக்கெட்டில் அடித்த பந்து பிற்பாடு சீக்கிரம் திரும்பி முதல் பின்னின் மூக்கிலேயே மோதும். அப்போது நிற்கும் இடத்தை இரண்டு பலகை இடப்பக்கமும், இலக்கை ஒரு பலகை இடப்பக்கமும் நகர்த்துங்கள். அதிலும் பிடிபடவில்லையென்றால் கையை மாற்றுங்கள், அதற்கும் பிறகுதான் பந்தை.