தியானம் தொடங்குவோர் செய்யும் தவறுகள்: முதலில் அந்த 4 மணி அலாரம்

ஃபோனை சைலண்டில் போடுங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உட்காராதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம். ஆசையாகத் தொடங்கியவர்கள் ஒரே மாதத்தில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் வேறு.

4 மணி அலாரம்

பிரம்ம முகூர்த்தத்தில் உட்கார வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு காணொளி வரும். உடனே சிங்கப்பூரில் 4 மணிக்கு அலாரம். எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை. கணக்கே தப்பு.

பிரம்ம முகூர்த்தம் சூரிய உதயத்தை வைத்து வருவது. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். உதயத்துக்கு 96 நிமிடம் இருக்கும்போது தொடங்கி, 48 நிமிடம் இருக்கும்போது முடிந்துவிடும். சென்னையில் சுமார் 6 மணிக்கு உதயம் என்பதால் அங்கே நாலரையை ஒட்டி எழுவது பொருந்தும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் ஆண்டு முழுவதும் உதயம் ஏறத்தாழ 7 மணிதான், கால் மணி நேரம் முன்பின் இருக்கும். உதயம் இவ்வளவு தாமதமாகத் தெரியக் காரணம், 1982 முதல் இங்கே கடிகாரம் கிரீன்விச்சைவிட 8 மணி நேரம் முந்தி ஓடுவதுதான். தீவு இருக்கும் இடத்துக்கு 7 மணி நேரமே பொருத்தம். ஆக, இங்கே அந்த முகூர்த்தம் சுமார் 5.24 முதல் 6.12 வரை. நீங்கள் 4 மணிக்கு எழும்போது சென்னையில் மணி 1.30.

நேரலை வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு இதே குழப்பம் தலைகீழாக வரும். இந்திய நேரம் 4.30 மணி வகுப்பு இங்கே 7 மணிக்கு. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

முகூர்த்தம் தவறினால் குடி முழுகிவிடாது, தூக்கம் தவறினால்தான் சேதம். வேலை முடிந்து, சாப்பிட்டு, ஊருக்கு ஃபோன் பேசி, படுக்கவே பலருக்கு 11.30 ஆகிறது. நாலரை மணி நேரம் தூங்கி எழுந்தவர் கண்ணை மூடினால் என்ன நடக்கும்? சில நிமிடத்தில் தாடை தளரும். மோவாய் நெஞ்சை நோக்கி இறங்கும். சம்பந்தமில்லாத காட்சிகள் ஓடும். திடீரென்று உடம்பைத் தூக்கிப் போடும். “நேரம் போனதே தெரியலை, அவ்வளவு ஆழமாப் போயிட்டேன்” என்பார். அதற்குப் பெயர் தூக்கம், ஐயா. இரண்டாவது வாரம் எம்ஆர்டி ரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போவார், மூன்றாவது வாரம் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுவார், நான்காவது வாரம் “தியானம் நமக்கு ஒத்துவராது” என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

முதலில் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே இழுங்கள். பிறகு எழுவதை அதே 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். முகம் கழுவி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு 10 நிமிடம் உட்காருங்கள். மூன்று வாரம் தடையில்லாமல் போனபின் 15 நிமிடமாக்கலாம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி மாலை 4 மணிக்கு எழுபவருக்கு 4.15தான் காலை, அதில் ஒரு குறையும் இல்லை.

பத்மாசனம்

தேவையில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு டைல்ஸ் தரையில் மெல்லிய பாயைப் போட்டுச் சம்மணமிட்டால் பலருக்கு முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நிற்கும், இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூனும். போர்வையை 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மடித்துப் போட்டு, அதன் முன் விளிம்பில் உட்காருங்கள். முழங்கால் தரையில் படிய வேண்டும். படியவில்லையா, நாற்காலியில் சாயாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்காருங்கள். கால் மரத்துப்போனால் சட்டென்று எழாதீர்கள். நீட்டி வைத்து, உணர்வு திரும்பியபின் எழுங்கள்.

எண்ணத்தை நிறுத்தப் பார்ப்பது

நிற்காது. வெளிமூச்சை 1 முதல் 10 வரை எண்ணுங்கள். எண் தவறினால் மறுபடியும் 1.

வாரம் ஒரு குரு

இரண்டு மாதமாவது ஒருவர் சொன்னதைச் செய்யுங்கள்.

மூச்சை அடக்குவது

மூச்சைக் கவனிப்பது வேறு, அடக்குவது வேறு. மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகத்தைக் காணொளி பார்த்துப் பழகாதீர்கள். உயர் ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். வேகவேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் தலை லேசாகச் சுற்றும், விரல் நுனி குறுகுறுக்கும். குண்டலினி எழுந்துவிட்டதாக இதைச் சிலர் கொண்டாடுகிறார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்ததால் வருவது அது. இயல்பாக மூச்சு விட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

படபடப்பைப் பொறுத்துக்கொள்வது

சிலருக்குக் கண்ணை மூடியதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பழைய அதிர்ச்சிகள் மேலே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். கண்ணைத் திறந்து, ஒரு மீட்டர் முன்னால் தரையைப் பாருங்கள். நேரத்தை 3 நிமிடமாகக் குறையுங்கள். அப்படியும் அடங்காவிட்டாலோ, இரவுத் தூக்கம் கெட்டாலோ நிறுத்திவிட்டுப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், தியானம் தொடங்கிவிட்டோம் என்று தாங்களாக ஒரு மாத்திரைகூடக் குறைக்கக் கூடாது.