கிளவுடுக்கு மாறும் முன் ஒரு லேப் டிப்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வர் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் இருந்தது. கட்டிங்கிலிருந்து பறந்து வரும் பஞ்சு அதன் ஃபேனில் மெத்தை மாதிரி படியும். மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுப்பேன். அதைக் கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் வெளி சர்வருக்கு, மாற்றலாம் என்று முதலாளி சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாற்றிக் கொடுக்க முதல் தடவை பிடித்த ஆள் சரியில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாற்றினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் போட உட்கார்ந்தால், அன்றைய வருகைப் பதிவே இல்லை. செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு அக்கா, "ஏனுங்க சார், காத்தால விரல் வெச்சனுங்களே, அது எங்கீங்க போச்சு?" என்று கேட்டார். கைரேகை மெஷின் பழைய சர்வரின் ஐ.பி. முகவரிக்கே பதிவை அனுப்ப முயன்றுகொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ராத்திரி ஒன்பதரை வரை கையால் எழுதிக் கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தோம். ஊருக்குக் கடைசி பஸ்ஸை விட்டவர்களை கம்பெனி வேனில் கொண்டுபோய் விட்டோம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: விலை சொல்வதற்கு முன் அந்த ஆள் என்ன கேட்கிறார்? போனிலேயே "எத்தனை யூசர், எத்தனை ஜி.பி.?" என்று கேட்டுவிட்டு அன்று மாலையே கொட்டேஷன் அனுப்புகிறவர் வேண்டாம். இரண்டாவதாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஒரு நோட்டோடு அரை நாள் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். டேலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்), சம்பள சாஃப்ட்வேர், கைரேகை மெஷின், பார்கோடு பிரிண்டர், பேட்டர்ன் ஃபைல், பையர் அனுப்பிய டெக்பேக் (தைக்க வேண்டிய அளவு, டிசைன் விவரம்) என எது எதோடு பேசுகிறது என்று படம் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் லேப் டிப், அதாவது சாயத்துக்குப் போடும் சாம்பிள். சாயத்துக்குத் துணி கொடுக்கும்போது டன் கணக்கில் தூக்கிக் கொடுத்துவிட மாட்டோம் அல்லவா? சின்னத் துண்டில் நிறம் போட்டுக் காட்டச் சொல்லி, பையர் ஓகே சொன்ன பிறகுதானே பல்க்? இங்கேயும் அப்படியே செய்யுங்கள். ஒரே ஒரு சாஃப்ட்வேரின் நகலை மட்டும் கிளவுடில் ஏற்றச் சொல்லுங்கள். போன வாரச் சம்பளத்தை அதில் திரும்ப ஓட்டிப் பாருங்கள். பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். பிறகு நீங்களே அந்த நகலில் ஒரு ஃபைலை அழித்துவிட்டு, "பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுங்கள்" என்று சொல்லி கடிகாரத்தைப் பாருங்கள். பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். திரும்ப எடுத்துக் காட்டுகிறவர்தான் வேண்டும். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதையே ஒப்பந்தத்தில் அதிகபட்ச நேரமாக எழுதினோம்.

டேட்டாவை எப்படி ஏற்றுவார்கள் என்றும் கேளுங்கள். 1 டி.பி.யை நொடிக்கு 50 மெகாபிட் அப்லோடு வேகத்தில் அனுப்ப, லைன் ஒரு நொடிகூடத் தொய்யாமல் ஓடினாலே 44 மணி நேரம் ஆகும். "ஒரே ராத்திரியில் முடிச்சிரலாம்" என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்தவர், பழைய ஃபைல்களை முன்கூட்டியே ஏற்றிவிட்டு, கடைசி நாளில் மாறியதை மட்டும் அனுப்பலாம் என்பார்.

கிளவுட் கணக்கு யார் பெயரில் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதன்மை லாகின் உங்கள் கம்பெனி ஈமெயிலில்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை செய்யும் அளவு அனுமதி மட்டும் போதும். அவர்கள் பெயரில் இருந்தால், நாளைக்கு மனஸ்தாபம் வந்தால் நம் கணக்குப் புத்தகம் அவர்கள் பீரோவில் இருக்கிற கதைதான்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் சேர வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து இது கம்பெனி விதி. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும் டேட்டா சென்டர்கள் உண்டு. எந்த ஊர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, மாத வாடகையை மட்டும் பார்க்க வேண்டாம். 18 சதவீத ஜி.எஸ்.டி., டேட்டாவை வெளியே எடுக்கும்போது விழும் கட்டணம், ராத்திரி போன் பண்ணினால் தனிக் காசா என்பது எல்லாம் சேர்த்துக் கேளுங்கள்.

மாற்றும் நாளை நீங்கள் முடிவு செய்யுங்கள். வெள்ளி, சனி கூடவே கூடாது. ஷிப்மெண்ட் வாரமும் மாத முடிவும் வேண்டாம். நாங்கள் பொங்கல் லீவில் செய்தோம். கம்பெனி மூடிக் கிடக்கும், கைரேகை வைக்க யாரும் இல்லை. ஆனால் பொங்கல் அவர்களுக்கும் உண்டு. அதனால் அந்த நான்கு நாளும் யார் வருவார், அவர் செல் நம்பர் என்ன, அவரால் முடியாவிட்டால் அடுத்தவர் யார் என்று முன்பே எழுதி வாங்கினேன். மாட்டுப் பொங்கலன்று மதியம் கைரேகை மெஷினில் முதலில் என் விரலை வைத்தேன். புது சர்வரில் என் பெயர் வந்தது. பழைய சர்வரை மூன்று மாதம் அணைக்காமல் அப்படியே வைத்திருந்தோம்.