ஆப்பிரிக்கன் வயலட் வளர்ப்பு: மதுரை வீடுகளில் தண்ணீரால் நேரும் தவறுகள்

கொடைக்கானல் சென்று திரும்பும்போது ஆசைப்பட்டு வாங்கி வரும் செடிகளில் ஆப்பிரிக்கன் வயலட்டுக்குத் தனி இடம் உண்டு. உள்ளங்கையளவு தொட்டியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் அந்தச் செடி, மதுரைக்கு வந்த சில வாரங்களிலேயே துவண்டு விழுந்தால் வெயிலின் மீதே பழி விழுகிறது. வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு என்றாலும், பெரும்பாலும் செடியைச் சாகடிப்பது அளவு தெரியாமல் ஊற்றப்படும் தண்ணீர்தான்.

மல்லிகையும் செம்பருத்தியும் வளர்த்துப் பழகியவர்கள் இலை வாடியதும் சொம்பை எடுத்துவிடுகிறார்கள். மொட்டை மாடிச் செடிகளுக்கு அந்தப் பழக்கம் பொருந்தும். ஆப்பிரிக்கன் வயலட்டுக்குப் பொருந்தாது. தான்சானியாவின் உசம்பாரா மலைகளில் மர நிழலில், பாசி படர்ந்த பாறை இடுக்குகளில் கைப்பிடி மட்கைப் பற்றிக்கொண்டு வளர்ந்த இனம் இது. 1892-இல் வால்டர் வான் செயின்ட் பால்-இலேர் என்ற ஜெர்மானிய அதிகாரி அங்கிருந்து இதனைத் தம் நாட்டுக்கு அனுப்பிவைத்தார். அத்தகைய இடுக்குகளில் மழை நீர் நனைத்துவிட்டு வடிந்துவிடுமே தவிரத் தேங்கி நிற்காது என்பதால், மயிரிழை போன்ற இதன் வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் தேவைப்படுகிறது. தொட்டி எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அப்போது இலைகள் தாகத்தில் வாடுவதைப் போலவே வாடும். அதைக் கண்டு மேலும் ஒரு தம்ளர் ஊற்றினால், சில நாட்களில் நடுக்குருத்து கூழாகிவிடும்.

ஆகவே, வாடிய இலையைப் பார்த்தவுடன் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேல்மண் ஓர் அங்குலத்தில் பாதி காய்ந்து, தொட்டியும் கையில் தூக்கும்போது இலேசாக இருந்தால் தண்ணீர் தரலாம். மண் ஈரமாக இருக்கும்போதே இலை வாடுகிறதென்றால் நோய் வேரில் இருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் காலையும் மாலையும் நீர் விடுவது, இலை வாடியதும் ஊற்றுவதைவிடப் பெரிய தவறு. வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினால் இந்தச் செடியின் வளர்ச்சி மந்தப்பட்டு மொட்டுகள் கருகத் தொடங்கும். சூடும் ஈரமும் சேர்ந்த மண்ணிலோ வேரழுகல் பூஞ்சைகள் வேகமாகப் பெருகும்.

நீரின் சூடும் முக்கியம். நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் வெந்நீரும் ஆகாது. அதற்கு அஞ்சிக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றும் நீரும் ஆகாது. இலையைவிட மிகவும் குளிர்ந்த நீர் அதன்மீது பட்டால், மேலடுக்குச் செல்கள் சிதைந்து, வெளிறிய வளையங்களும் புள்ளிகளும் தோன்றும். பலர் இதனைப் பூஞ்சை நோயென்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள். அந்தப் புள்ளி எந்த மருந்துக்கும் மறையாது. ஆனால் அடுத்த இலைக்குப் பரவவும் செய்யாது. முதல் நாளே பிடித்து அறைக்குள் வைத்த நீரைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே எழாது.

அப்படி இரவு முழுவதும் வைப்பதால் குளோரின் ஓரளவு வெளியேறுமே தவிர, உப்பு போகாது. மதுரையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் வாளியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும் அளவுக்கு உப்பு மிகுந்தது. அதே படிவு தொட்டியின் விளிம்பிலும் படிய, அதன்மேல் சாய்ந்திருக்கும் இலைக்காம்பு தொடும் இடத்தில் பழுப்பேறி அழுகுகிறது. நீரை மென்மையாக்கும் கருவி பொருத்திய அடுக்குமாடிகளில் நீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். ஆனால் அந்தக் கருவி கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைச் சேர்ப்பதால் செடிக்கு உதவாது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக்கூடாதென்று செடிகளுக்கு ஊற்றும் சிக்கன மனம் பாராட்டத்தக்கதே என்றாலும், உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்த நீரில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்து மூடிவைத்த நீரோ, ஆர்.ஓ. குடிநீரோ போதும், சிறு தொட்டிக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

ஊற்றும் முறையில், குருத்தின் நடுவே நீர் தேங்க விடக்கூடாது. தட்டில் நீர் வைத்து அதில் தொட்டியை அரை மணி நேரம் நிறுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிடுவது பாதுகாப்பானது. எப்போதும் அடியிலிருந்தே நீர் தந்தால் உப்பு மேல்மண்ணில் ஏறித் தங்கும் என்பதால், மாதம் ஒருமுறை இலையில் படாமல் மேலிருந்து ஊற்றி, துளை வழியே நன்றாக வடியவிட வேண்டும். தயிர் டப்பாவில் நீர் நிரப்பி, மூடியில் துளையிட்டு, மேலே வைத்த தொட்டிக்கு நைலான் திரியால் நீர் ஏற்றுபவர்கள், செம்மண் கலவையில் அதைச் செய்தால் தொட்டி சேறாகிவிடும். கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்த் துகளில் பாதிக்குப் பாதி பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக் கல் துகள்) கலந்திருந்தால்தான் அந்த முறை பயன்படும். தொட்டியும் இலைப்பரப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமலே கிடக்கும்.

வைக்கும் இடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெல்லிய திரையிட்ட கிழக்கு ஜன்னல் நல்லது, மேற்கு ஜன்னல் இலையைச் சுட்டுவிடும், குளிர்சாதனக் கருவியின் காற்று நேரே படக்கூடாது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை இரவிலும் கனன்றுகொண்டிருப்பதால், மாடி வீட்டுக்காரர்கள் சித்திரை, வைகாசியில் செடியைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடலாம்.

வேர் முழுவதும் அழுகிய பிறகு செடியைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. கெட்டியாக இருக்கும் இலை ஒன்றை ஓர் அங்குலக் காம்போடு சாய்வாக வெட்டி, ஈரப்பதமான தென்னைநார்த் துகள் கலவையில் செருகி, காற்றுத் துளையிட்ட பாலித்தீன் பையால் மூடி நிழலில் வைத்தால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேர்விடும். மேலும் ஓரிரு மாதங்களில் காம்பின் அடியிலிருந்து குட்டிச் செடிகள் எட்டிப் பார்க்கும். இதற்கு மழைக்காலத்தின் மிதமான குளிர் ஏற்றது. கோடையில் செருகும் இலை பெரும்பாலும் வேர்விடுவதற்கு முன்பே அழுகிவிடும்.