திருமலையில் வாடகை வீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலையில் வாடகைக்கு வீடு தேடுபவர்கள் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதுதான். சரி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பலர் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு அட்வான்ஸைக் கொடுத்துத் திறப்பை வாங்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் போய், கரண்ட் பில்லும் பெற்றோல் செலவும் சேர்ந்து கையைக் கடிக்கும்போதுதான் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறார்கள். இந்த ஊரில் வீட்டுக்காரர் சொல்லும் வாடகை ஒன்று, அந்த வீட்டில் குடியிருக்க மாதாமாதம் உண்மையில் போகும் காசு இன்னொன்று.

"இதென்ன கொழும்பா, மலிவாகத்தான் இருக்கும்" என்ற நினைப்போடு வருபவர்கள்தான் முதலில் மாட்டுப்படுகிறார்கள். நகரத்தின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உள்துறைமுகம், நடுவில் ஒடுங்கிய நிலத்துண்டு. அதிலும் கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்ட் பக்கம் கடற்படை. மிச்சமிருக்கும் நிலத்தில்தான் கச்சேரி, ஆஸ்பத்திரி, பாடசாலைகள், கடைகள், கோவில்கள், வீடுகள் எல்லாம். வடகிழக்கு மாகாண சபை இருந்த காலத்திலும் சரி, 2007இல் இரண்டாகப் பிரிந்த பிறகு கிழக்கு மாகாண சபைக்கும் சரி, தலைமையகம் இங்கேதான். ஆகவே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து இடமாற்றத்தில் வரும் உத்தியோகத்தர்கள் எல்லோரும் உவர்மலை, லிங்கநகர், மனையாவெளி என்று அதே சில இடங்களைத்தான் சுற்றுகிறார்கள். புதிதாகக் கட்டி வாடகைக்கு விடலாம் என்றிருந்தவர்களுக்கு 2022 பெரிய அடி. அதற்கு முதல் வருடம் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த ஐம்பது கிலோ சீமெந்துப் பை அந்த வருடம் மூவாயிரத்தைத் தாண்டியது. பாதியில் நின்ற மேல்மாடிகள் எத்தனையோ. கட்டி முடித்தவர் போட்ட காசை எடுக்கத்தான் பார்ப்பார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அடுத்தது, எப்போது தேடுகிறோம் என்பது. வருடாந்த இடமாற்றம் ஜனவரியோடு நடைமுறைக்கு வரும், பாடசாலைத் தவணையும் அதோடுதான் தொடங்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் பஸ்ஸால் இறங்கி "நாளைக்கே வீடு வேணும்" என்று நிற்பவரிடம் பேரம் பேச என்ன இருக்கிறது? இடமாற்றக் கடிதம் கையில் கிடைத்த அன்றே, இங்கே ஏற்கெனவே வேலை செய்யும் யாரையாவது பிடித்து விசாரிக்கத் தொடங்குவது நல்லது. போகும் ஆளும் அதே நேரத்தில்தான் வீட்டை விடப்போகிறார். அவரிடம் நேரே கேட்டால் தரகர் காசும் மிச்சம், அந்த வீட்டின் உண்மைக் கதையும் தெரியவரும்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கணக்கே வேறு. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் ஏப்ரல், மே தொடக்கம் செப்டம்பர் வரை அங்கே சுற்றுலா சீசன். ஒரு இரவுக்கு அறை கொடுத்துச் சம்பாதிக்கக்கூடிய வீட்டை மாத வாடகைக்கு விடுபவர், மாரி காலத்தில் சும்மா கிடக்கிறதே என்றுதான் பெரும்பாலும் விடுகிறார். நவம்பரில் அடிமட்ட விலைக்குக் கிடைத்தது என்று சந்தோசப்பட்டுக் குடிபோய், மார்ச்சில் "மகள் வெளிநாட்டிலிருந்து வாறா, வீடு தேவைப்படுது" என்று வீட்டுக்காரர் சொல்லப் பெட்டி கட்டியவர்கள் உண்டு. கடற்கரைப் பக்கம் எடுப்பதென்றால் வாடகையைவிட, சீசன் முழுக்க நான் இருக்கலாமா, அந்த மாதங்களில் வாடகை மாறுமா என்பதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக உயரும் என்று அறிவித்தார்கள். ஆனால் அது கட்டம் கட்டமாக வருகிற காசு. பத்திரிகைத் தலைப்பை வாசித்தவுடன் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டப் பார்க்கிறார், குடியிருப்பவரும் "இனிக் கட்டலாம்தானே" என்று தலையாட்டிவிடுகிறார். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் கணக்கையும் அப்படியே இங்கே போடாதீர்கள். குடும்பம் கல்முனையில், தான் மட்டும் திருமலையில் என்றிருப்பவருக்கு இரண்டு சமையல், இரண்டு கரண்ட் பில், கிழமைக்கு ஒரு பஸ் பயணம். இடர்கடன், ஓய்வூதியக் கழிவு, சீட்டுக்காசு எல்லாம் போய்க் கையில் மிஞ்சுவதை வைத்துத்தான் அவர் வாடகையைத் தீர்மானிக்க வேண்டும்.

இனி மீற்றர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு சத்தமில்லாமல் போகும் இடம் இது. நகரத்துக்குள் வாடகைக்குக் கிடைப்பதில் நிறைய அனெக்ஸ், அல்லது வீட்டுக்காரர் கீழேயும் நாங்கள் மேல்மாடியிலும் இருக்கிற வீடு. மீற்றர் ஒன்றுதான், "பில்லைப் பாதியாகப் பிரிப்பம்" என்பார்கள், கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிமுறையில் ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் இருந்தால் விலை மலிவு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, அப்புறம் 90, 120, 180 என்று ஒவ்வொரு படிக்கும் இன்னும் கூடும், நிலையான கட்டணமும் கூடவே ஏறும். நீங்கள் 55 யூனிட், வீட்டுக்காரர் 55 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீற்றர் இருந்தால் இருவரும் மலிவான படிக்குள் நிற்பீர்கள். ஒரே மீற்றரில் அது 110 யூனிட், இருவருமே மேல்படி விலையைக் கட்டுகிறீர்கள். இதில் கீழே குளிரூட்டி ஓடினால், விசிறி மட்டும் போடுகிற நீங்களும் அதற்குப் பங்கு கட்ட வேண்டிவரும்.

சிலர் சப் மீற்றர் பூட்டி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். பாதிப் பங்கைவிட அது பரவாயில்லை. ஆனால் அந்த யூனிட் விலை எதை வைத்துப் போடப்பட்டது என்று கேளுங்கள், கட்டணம் குறையும்போது அதையும் குறைப்பாரா என்றும் கேளுங்கள். கட்டணத்தை ஒரு வருடத்துக்குள் பல தடவை மாற்றிய நாடு இது. வீடு பார்க்கப் போகும்போது கடைசி மூன்று மாத பில்லைக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம், தனி மீற்றர் உள்ள வீடு இரண்டு மூவாயிரம் கூடச் சொன்னாலும் பல நேரம் அதுதான் மலிவு. இன்னொன்று, குடிபோகும் அன்று மீற்றர் வாசிப்பைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். முன்பு இருந்தவர் கட்டாமல் போன நிலுவை உங்கள் தலையில் விழாமல் இருக்கும்.

தண்ணீரும் இப்படித்தான், ஆனால் சுருக்கமாக. நகரத்துக்கு வருவது கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். குழாய் இணைப்பு இருக்கிறதா, கிணறு மட்டுமா என்று பாருங்கள். கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் கோடையில் உப்பு ஏறும், குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வாங்க வேண்டி வந்தால் அதுவும் வாடகைதான்.

கச்சான் காற்று அடிக்கிற ஜூன், ஜூலையில் எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் மழை கொட்டும்போதுதான் எந்த ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது, எந்த மலசலகூடக் குழி நிரம்பி மேலே வருகிறது என்று தெரியும். கோடையில் பார்க்கப் போனால் சுவரின் அடிப்பாகத்தைப் பாருங்கள், புதிதாகப் பூசிய வெள்ளைக்குக் கீழே ஈரக்கோடு ஓடியிருக்கும். வீட்டுக்காரரிடம் கேட்பதை அந்த ஒழுங்கையின் மூலையில் கடை வைத்திருப்பவரிடம் கேட்டால் மறைக்காமல் சொல்வார். மாரியில் பார்க்கப் போனால் மாறாக, சீற் கூரை வீடா என்று கவனியுங்கள். மே மாத மத்தியானத்தில் சீலிங் இல்லாத சீற் வீட்டுக்குள் இருக்க முடியாது, விசிறியை நிறுத்தவும் முடியாது, அதுவும் மீற்றரில்தான் ஏறும்.

"ரவுணுக்குள் வாடகை கூட, வெளியே எடுப்பம்" என்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். சில பேருக்குச் சரிவரவும் செய்யும். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் போய், கிண்ணியாவில் இருந்துகொண்டு ரவுணில் வேலை செய்வது சாதாரணமாகிவிட்டது. பாலையூற்று, சீனக்குடா, சாம்பல்தீவு என்றால் தூரம் இன்னும் குறைவு. ஆனால் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் ஒருவர் போய்வருவது ஒரு கணக்கு. மனைவிக்கு வேறு திசையில் வேலை, பிள்ளைக்குப் பின்னேரம் ரியூசன், இரவில் கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோ என்று சேர்ந்தால் அது வேறு கணக்கு. வாடகையில் ஐயாயிரம் மிச்சம் பிடித்து எட்டாயிரத்தைப் பெற்றோலுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தால் என்ன லாபம்?

கடைசியாக எழுத்து விசயம். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் கூச்சம் கூட. தெரிந்தவர், சொந்தக்காரர், ஒரே ஊர்க்காரர், அவரிடம் போய் எழுதிக் கேட்பதா? கேட்கத்தான் வேண்டும். அதையும் கொப்பித் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் போதும் என்று நினைக்கக்கூடாது. 1840ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். கொப்பித் தாள் நீங்கள் காசு கொடுத்ததைக் காட்ட உதவலாம், இரண்டு வருடம் இருக்கும் உரிமையை அது தராது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, நொத்தாரிசு ஒப்பந்தம் இருந்தால் வீட்டுக்காரரும் தவணை முடிந்த வீட்டை மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான வழியில் திருப்பி எடுக்கலாம். இதை அவருக்குச் சொல்லுங்கள், எழுதத் தயங்குபவர் அதற்குப் பிறகு அவ்வளவு தயங்க மாட்டார். பேமிற் காணியில், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியில், உள்ள வீடென்றால் பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் குத்தகை எழுத முடியாது, அதனால் உறுதியா பேமிற்றா என்று முதலிலேயே கேளுங்கள்.

பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர்கள் என்ற பிரிவுக்குத்தான் பாதி இடங்கள் போகின்றன. அதற்கு வாக்காளர் இடாப்புப் பதிவும் வதிவிட ஆவணமும் கேட்பார்கள். கோணேஸ்வரா, சண்முகா போன்ற பாடசாலைகளுக்குப் பக்கத்தில் கூடுதல் வாடகை கொடுத்துக் குடியிருந்துவிட்டு, அந்த விலாசத்தில் பதிய வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் கொடுத்த கூடுதல் காசு வீண். சில வீட்டுக்காரர்களுக்கு, குடியிருப்பவர் விலாசம் பதிந்தால் வீடே போய்விடும் என்ற பயம் உண்டு. அட்வான்ஸ் கொடுக்க முன்னமே இதைப் பேசிவிடுங்கள், கொடுத்த பிறகு பேசப் பிடி இருக்காது.

அட்வான்ஸை வங்கி மூலம் போடுங்கள், கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது மாதாமாதம் வாடகையில் கழிபடும் காசா, போகும்போது முழுதாகத் திரும்பும் காசா என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுத வேண்டும், சண்டை வருவது பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான். வருடத்துக்கு எத்தனை வீதம் கூட்டலாம், வீட்டை விட எத்தனை மாத முன்னறிவித்தல், மோட்டர் பழுதானால் யார் செலவு, விட்டுப் போகும்போது பெயின்ற் யார் அடிப்பது, எல்லாவற்றையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். போகிற மாதம் கரண்ட், தண்ணி பில் இரண்டையும் கட்டி, பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திறப்பைக் கொடுங்கள். அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் லொறிக்குச் சொல்லுங்கள்.