மால்ஹம் போறீங்களா, முதல்ல ஷூவ பாருங்க

இங்கிலாந்துல லீட்ஸ், பிராட்ஃபோர்டுக்கு புதுசா வந்த பசங்க முதல் வெயிலப் பாத்ததும் பக்கத்துல எங்க போலாம்னுதான் கேப்பாங்க. யார்க்‌ஷயர்ல மலையும் கிராமமுமா இருக்கற கிரேவன் பக்கம் போங்க. லீட்ஸ்ல டிரெயின் ஏறினா முக்கால் மணி நேரத்துல ஸ்கிப்டன், கால்வாய் ஓரமா நடந்தாலே பொழுது போயிடும். அங்கருந்து மால்ஹம் கிராமத்துக்கு பஸ் ரொம்ப கம்மி, கடைசி பஸ் நேரத்த போகும்போதே பாத்துக்கங்க, நம்ம ஊர் மாதிரி அடுத்தது வரும்னு நிக்க முடியாது.

மால்ஹம்ல ஜானட்ஸ் ஃபாஸ் அருவி, கோர்டேல் ஸ்கார்ங்கற மலை இடுக்கு, மால்ஹம் கோவ்ங்கற பெரிய பாறைன்னு சுத்தி வந்தா ஒரு அஞ்சு மைல் இருக்கும். அருவிக்கு குற்றால நினைப்புல துண்டோட போகாதீங்க, ஜூலைலயே தண்ணி ஐஸ். வழில ஆட்டு கேட்டத் திறந்தா மூடிட்டு போகணும்.

கோவ்தான் எல்லாரும் ரீல்ஸ் எடுக்கற இடம். 80 மீட்டர் செங்குத்துப் பாறை, பக்கத்துலயே 400 படி ஏறினா மேல சுண்ணாம்புக்கல் தரை, பாளம் பாளமா வெடிச்சு நடுவுல முழங்கால் முங்கற இடுக்கு, உள்ள பெரணி முளைச்சிருக்கும். ஆளுங்க மிதிச்சு மிதிச்சு கல்லு வழவழன்னு தேஞ்சு போச்சு, காஞ்சிருந்தா ஒண்ணுமில்ல, தூறல் விழுந்தா பாசி பிடிச்ச படித்துறைதான். எங்க ரூம்மேட் மதுரைக்காரன், அழகர்மலையே செருப்பில்லாம ஏறினவன்டான்னு பேசிக்கிட்டு வெள்ளை ஸ்னீக்கர்ல வந்தான். போட்டோக்கு கல்லுக்கு கல்லு தாண்டினான், கால் இடுக்குல இறங்கிடுச்சு, உடம்பு மட்டும் முன்னாடி போச்சு. கணுக்கால்ல ரெண்டு எலும்பு முறிஞ்சுது. ஆஸ்பத்திரில காசு வாங்கல, ஆனா அவன் பாத்தது வேர்ஹவுஸ் வேலை, போகாத ஷிஃப்டுக்கு சம்பளம் கிடையாது, அவன் பங்கு வாடகைய நாங்கதான் பிரிச்சு கட்டினோம். அந்தக் கடுப்பு இன்னும் இருக்கு.

இந்த மாதிரி ஆச்சுன்னா அவசர நம்பர் 999 அடிச்சு போலீஸ் கேளுங்க, அவங்ககிட்ட மவுண்டன் ரெஸ்க்யூ, அதாவது மலை மீட்புக் குழு, வேணும்னு சொல்லுங்க. உங்க சிம்ல சிக்னல் இல்லாட்டியும் வேற கம்பெனி டவர் இருந்தா 999 போகும். யார்க்‌ஷயர் கிளாப்ஹம் கிராமத்துல இருக்கற கேவ் ரெஸ்க்யூ ஆர்கனைசேஷன் 1935லருந்து இந்த வேலைய செய்யுது, வர்றவங்க வாலண்டியர்ஸ், ஒரு பைசா வாங்க மாட்டாங்க. ஸ்ட்ரெச்சர்ல கட்டும்போது நம்மாளு வலியோட பில் எவ்ளோ வரும்னு கேட்டான், மீட்க வந்த ஒரு அம்மா சிரிச்சுட்டு பிளாஸ்க்லருந்து டீ ஊத்திக் குடுத்துச்சு.

அதனால கணுக்கால மூடற, கிரிப் இருக்கற பூட்ஸ் வாங்குங்க, சாரிட்டி ஷாப்ல சீப்பா கிடைக்கும். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும், டார்ச் வேணும். மழை பெய்ஞ்சா மேல ஏறாம கீழயே நின்னு பாருங்க, கழுத்து வலிக்கற அளவுக்கு பாறை இருக்கு. இல்லன்னா ஆத்தோரமா பழைய மடம் இருக்கற போல்டன் ஆபி போங்க, ஆனா அங்க ஸ்ட்ரிட்னு ஒரு இடத்துல வார்ஃப் ஆறு குறுகி தாண்டிடலாம் போலத் தெரியும், கிட்டயே போகாதீங்க, அடில ஆழம், விழுந்து செத்தவங்க இருக்காங்க.