தீவில் இறங்காமல் மன்னார் வளைகுடாவைப் பார்ப்பது

பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரை கரையை ஒட்டிக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பையும் 1986இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. குருசடைத் தீவையோ மணலித் தீவையோ சுற்றிப் பார்க்கும் எண்ணத்துடன் வெளிநாட்டிலிருந்து வருவோர் முதலில் அறிய வேண்டியது, இத்தீவுகளில் பொதுமக்கள் தாமாகச் சென்று இறங்குவதற்கு அனுமதி இல்லை என்பதே. கூடுதல் பணம் தந்தால் இறக்கிவிடுவதாகச் சொல்லும் படகில் ஏறாதீர்கள். இத்தீவுகள் பவளப்பாறைகளின் காவலில் நிற்பவை. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பாறைகளை வெட்டி எடுத்ததில் அந்தக் காவல் குலைந்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. எஞ்சிய பவளம் ஒரு காலடிக்கே நொறுங்கக்கூடியது. வனத்துறை அனுமதித்த கண்ணாடி அடித்தளப் படகில் அமர்ந்து பார்ப்பதே முறையானது, அதுவே போதுமானதும்கூட.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பயணம் அமையும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளி விடுமுறை வரும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசுவதால் தென்கடலாகிய மன்னார் வளைகுடா கொந்தளிப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும். வலசைப் பறவைகளும் அப்போது பெரும்பாலும் இருக்கமாட்டா. வாடைக் காலத்தில் இது தலைகீழாக மாறி, வடகடலாகிய பாக் நீரிணைப் பக்கம் அலை எழும்பும். மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் கடலும் கண்மாயும் ஒருசேரப் பார்க்கத் தக்கவையாக இருக்கும் என்பதால், விடுப்பைத் தேர்ந்தெடுக்க இயன்றவர்கள் அப்போது வருவது நல்லது.

ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்போர் காரங்காட்டுக்குச் செல்லலாம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இவ்வூரில், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே சென்றுவிடுங்கள். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களையும், அவற்றுக்கிடையே இரை தேடும் கொக்கு, நாரைகளையும் இங்கே அருகிலிருந்து காணலாம். இந்தக் கடலின் புல்வெளிகளை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவைக் காக்க, வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022இல் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவைக் கண்ணால் காண்பது மிக அரிது. பார்க்காமல் திரும்பினால் படகோட்டியைக் குறை சொல்ல வேண்டாம்.

நடக்க விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது கண்மாய்க் கரைகளைத்தான். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் ஆகியவை ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்கள். முதல் நான்கும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. வேளாண்மைக்காகத் தேக்கும் நீரில் நிற்கும் கருவேல மரங்களில்தான் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் முதலியவை கூடு கட்டுகின்றன. ஆகவே அவ்வாண்டு மழை பெய்து கண்மாய் நிறைந்ததா என்று ஊரில் உள்ள உறவினரிடமோ வனத்துறை அலுவலகத்திலோ கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். நீரில்லாத ஆண்டில் வெறும் தரையைத்தான் பார்ப்பீர்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். தடித்த அடியுள்ள காலணி கட்டாயம் வேண்டும். கூடுகள் உள்ள மரங்களை நெருங்காமல், இருநோக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலேயே நடங்கள்.

தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிந்தைய இடிபாடுகளைப் பார்ப்போர் பலர். இருபுறமும் உள்ள சேற்றுப் பரப்பை நின்று பார்ப்போர் சிலரே. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து மேயும் இப்பரப்பு 2025 ஜூனில் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. படத்துக்காகக் கைதட்டி அவற்றைப் பறக்கவிடுவது கொடுமை. நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு இரை தேடும் நேரமே உயிர். சாலை முடியும் அரிச்சல்முனை வரை நிழல் அரிது. குடிநீரைக் கையில் கொண்டு செல்லுங்கள், நீரோட்டம் கடுமையானதால் கடலில் இறங்காதீர்கள், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். சித்தாமை என்னும் கடலாமை முட்டையிடும் தை முதல் பங்குனி வரை, கரையில் ஆமையைக் கண்டால் விளக்கு அடிக்காமல் விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

பயணப் பெட்டியிலும் கவனம் தேவை. வெளிநாட்டிலிருந்து டிரோன் கொண்டுவருவதற்கு 2022 முதல் தடை உள்ளது. அனுமதியற்ற செயற்கைக்கோள் தொலைபேசியும் சிக்கலில் மாட்டிவிடும். யாழ்ப்பாணப் பக்கத்தில் பண்ணை வைத்து வளர்க்கும் கடல் அட்டை, இக்கரையில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்பதை ஈழத்து உறவுகள் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். பவளத் துண்டும் உலர்ந்த கடற்குதிரையும் அவ்வாறே. கரையில் ஒதுங்கிக் கிடந்ததாக இருந்தாலும், கடையில் விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அவற்றை விமான நிலையத்துக்குக் கொண்டு செல்லாதீர்கள்.